காசியில் எங்கே சாப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு

காசிக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தரிசன வரிசையைப் பற்றி அல்ல, தங்கும் இடத்தைப் பற்றியும் அல்ல. "அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தாராளமாகக் கிடைக்கும். கோதௌலியா பக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அங்கிருந்துதான் இன்றைக்கும் 'சம்போ சம்போ' என்ற கோஷத்தோடு விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் போகின்றன. அனுமன் காட், கேதார் காட் என்ற படித்துறைகள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அந்த அனுமன் காட்டில்தான். தோசை வேண்டுமென்றால் பேலுபூரில் கேரளா கஃபே இருக்கிறது. ஆக, யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

என் வருத்தம் வேறு. சமையல்காரரையும் மளிகைச் சாமானையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகும் சுற்றுலாக் குழுக்கள் இருக்கின்றனவே, அவர்கள் காசியில் காலை பொங்கல், மதியம் சாம்பார் சாதம், இரவு உப்புமா போட்டு, "வீட்டுச் சாப்பாடு மாதிரியே" என்று அதையே விளம்பரமும் செய்கிறார்கள். திதி கொடுக்க வந்தவர்கள், விரதம் இருப்பவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்களை நான் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்கள் ஏன் கங்கைக்கரையில் உட்கார்ந்து ரவை உப்புமா சாப்பிட வேண்டும்?

சரி, எங்கே சாப்பிடுவது? இணையத்தில் 'காசியில் தவறவிடக் கூடாத பத்துக் கடைகள்' என்று ஆயிரம் பட்டியல் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் காசியின் லங்கா பகுதியில் இருந்த 'சாச்சி கி துகான்' இன்னும் இருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில், கச்சோரியோடு வசவும் வாங்கிக்கொண்டு வருவதற்கென்றே மாணவர்கள் போன கடை அது. அதையும் பக்கத்தில் இருந்த பெஹல்வான் லஸ்ஸி கடையையும் சாலை அகலப்படுத்துவதற்காக 2025 ஜூனில் இடித்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் திறந்த விசுவநாதர் கோயில் வளாகத்துக்காக அதற்கு முன்பே எத்தனையோ சந்துகள் போயின. இந்த ஊரில் கடையின் பெயரை மட்டும் நம்பிப் போனால் சில சமயம் வெறும் மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவது என்பதில் மட்டும் அந்த ஊர் அசைந்து கொடுப்பதில்லை. அதனால் யாராவது கேட்டால் நான் நேரத்தைத்தான் முதலில் சொல்வேன். நேரம் சரியாக இருந்தால் பெயர் தெரியாத கடையிலும் நன்றாகவே சாப்பிடலாம்.

காலை கச்சோரிக்கு. சூரியன் வந்து கொஞ்ச நேரத்திலேயே வாணலிகள் ஏறிவிடும். விசுவநாதர் கோயில் பக்கத்தில் கச்சோரி கலி என்றே ஒரு சந்து உண்டு, தட்டேரி பஜாரில் ராம் பண்டார் உண்டு, இரண்டுமே இல்லாவிட்டால் தெருமுனையில் எங்கே கூட்டமோ அங்கே நில்லுங்கள். உளுத்தம்பருப்பைப் பெருங்காயத்தோடு அரைத்து உள்ளே வைத்துப் பொரித்த பெரிய கச்சோரி, மொறுமொறுவென்று சின்ன கச்சோரி, இரண்டும் கிடைக்கும். கூடவே தொன்னையில் உருளைக்கிழங்குக் கறி. அதில் பூசணியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் கிடக்கும். பல கடைகளில் வெங்காயம் பூண்டு இருக்காது, ஆனால் அது இல்லையே என்று நாக்குக்குத் தோன்றாது. கச்சோரி முடிந்த கையோடு சுடச்சுட ஜிலேபி. காலையிலேயே இனிப்பா என்று நம்மவர்கள் தயங்குவார்கள். கறியின் காரம் நாக்கில் இருக்கும்போதே ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பத்து மணிக்கு மேல் ஆடி அசைந்து போனால் ஆறிப்போனதுதான் மிச்சம். கோயில் தரிசனம் முடித்து அறைக்குத் திரும்பி உப்புமாவுக்காகக் காத்திருக்கும் அந்த நேரம்தான் கச்சோரியின் நேரம். குழு நிர்வாகியிடம் "எனக்குக் காலைச் சாப்பாடு வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன். 'மலையோ' என்ற பால்நுரை இனிப்பு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அதுவும் காலையில் மட்டும். பாலைக் காய்ச்சி இரவு முழுக்கத் திறந்தவெளியில் பனி படும்படி வைத்துவிடுவார்கள். விடிவதற்கு முன் எழுந்து அதைக் கடைவார்கள். மேலே திரளும் நுரையைக் குங்குமப்பூ, ஏலக்காய், சர்க்கரையோடு சேர்த்து அள்ளி அள்ளிப் பெரிய பாத்திரத்தில் எடுத்து வைப்பார்கள். சௌக்கம்பா, தட்டேரி பஜார் பக்கத்துச் சந்துகளில் அந்த மஞ்சள் நுரை மலையாகக் குவிந்திருப்பதைப் பார்க்கலாம். மண் குவளையில் வழிய வழிய வைத்து, மேலே பிஸ்தா தூவித் தருவார்கள். கரண்டியால் எடுக்கும்போது எடையே தெரியாது. வாயில் வைத்தால் கடிக்க ஒன்றும் இல்லை, விழுங்கவும் ஒன்றும் இல்லை, குங்குமப்பூ வாசமும் பாலின் குளிர்ச்சியும் மட்டும் நிற்கும். சாப்பிட்டு முடித்ததும் குவளையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படியே கடைக்காரரிடம் நீட்டுங்கள், நுரை எடுத்த பின் மிஞ்சிய குங்குமப்பூப் பாலை அதிலேயே ஊற்றுவார். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், கடையும் காலி. லக்னோவிலும் தில்லியிலும் இதே வகை வேறு பெயர்களில் உண்டு. சண்டைக்கு வராதீர்கள், என் ஓட்டு காசிக்குத்தான்.

மதிய வெயிலுக்கு லஸ்ஸி. தயிரைக் கடைந்து, மண் குவளையில் ஊற்றி, மேலே ரப்ரியோ (சுண்டக் காய்ச்சிய பால்) பாலாடையோ போட்டுத் தருவார்கள். ஸ்பூன் இல்லாமல் முடியாது. பிணம் எரிக்கும் மணிகர்ணிகா படித்துறைக்குப் போகும் சந்தில் இருக்கும் புளூ லஸ்ஸி வெளிநாட்டவரிடம் ரொம்பப் பிரபலம், பழம் போட்ட லஸ்ஸி விதவிதமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு லஸ்ஸியில் மாதுளையும் வாழைப்பழமும் ஒத்துவருவதில்லை, சாதாதான் சரி. அங்கே உட்கார்ந்தால் கடை வாசலைத் தாண்டி 'ராம் நாம் சத்ய ஹை' என்றபடி சடலங்கள் போய்க்கொண்டே இருக்கும். நம் பெரியவர்கள் தீட்டு என்று எழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டுவிட்டுக் குடிப்பதைத் தொடர்வார். காசிக்கே வந்துவிட்ட பிறகு இதில் சங்கடப்பட என்ன இருக்கிறது என்பது என் கட்சி. மனசு ஒப்பாதவர்கள் ஆற்றின் அக்கரையில் ராம்நகர் கோட்டைக்குப் போகும்போது அங்கே குடிக்கலாம், ராம்நகர் லஸ்ஸிக்கென்று தனிப் பெயரே உண்டு.

தண்டாய் குடிக்கப் போனால் ஒரு எச்சரிக்கை. பாதாம், சோம்பு, கசகசா, மிளகு, ரோஜா இதழ் எல்லாம் அரைத்துக் கலந்த பால், அருமையான பானம். ஆனால் காசியில் 'பாங்க்' என்ற கஞ்சா இலை அரைப்பு அரசு உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கிற சரக்கு, தண்டாயிலும் கேட்டால் கலந்து தருவார்கள். "சாதா" என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். 'சும்மா கொஞ்சம்' என்று விளையாடிப் பார்த்துவிட்டு மாலை ஆரத்தியைக் கோட்டை விட்டவர்கள் கதை எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும்.

தசாசுவமேத காட்டில் ஆரத்தி முடிந்ததும் கூட்டம் அப்படியே கோதௌலியாவை நோக்கி நகரும். அதுதான் சாட் நேரம். காசி சாட் பண்டாரில் நிற்க இடம் இருக்காது, பரவாயில்லை, நில்லுங்கள். டமாட்டர் சாட் கேளுங்கள், இதை இந்த ஊரில்தான் சாப்பிட வேண்டும். பெரிய தட்டையான கல்லில் மசித்த தக்காளியும் உருளைக்கிழங்கும் நெய்யில் கிடந்து சுண்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் நம் தக்காளித் தொக்கு மாதிரிதான். கடைக்காரர் அதை ஒரு ஓரமாக இழுத்து, மசாலா தூவி, கரண்டி முனையால் டங் டங் என்று தட்டி மசித்து, குவளையில் வழித்துப் போடுவார். அதன் மேல் சீரகம் போட்ட சர்க்கரைப் பாகு, நொறுக்கிய நமக்பாரா (பொரித்த உப்புத் துணுக்கு), கொத்தமல்லி. புளிப்பு, காரம், இனிப்பு மூன்றும் முட்டி மோதும். குளிர்காலமாக இருந்தால் 'சூடா மட்டர்' ('சூடா' என்றால் அங்கே அவல்) என்று அவலும் பச்சைப் பட்டாணியும் நெய்யில் வதக்கியது கிடைக்கும். அவல் உப்புமா இல்லாமல் இருக்க முடியாதவர்கள் இதைச் சாப்பிட்டுச் சமாதானம் ஆகலாம்.

இரவில் 'பாட்டி சோக்கா' என்ற பண்டம். சாண எரு வரட்டித் தணலில் சுட்ட கோதுமை உருண்டையை நெய்யில் முக்கி, சுட்ட கத்திரிக்காய், உருளை, தக்காளி மசியலோடு சாப்பிடுவது. மசியலில் பச்சைக் கடுகெண்ணெய் விடுவார்கள், முதல் வாயில் மூக்கில் ஏறும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும். ஒரே ஒரு சிக்கல். கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விட்டுவிட்டு வரும் வழக்கம் நமக்கு உண்டு. கத்திரிக்காயை விட்டவர்களுக்குச் சோக்கா கிடையாது. பிடித்ததைத்தான் விட வேண்டும் என்று சாஸ்திரம் சொன்னாலும், நம் ஆட்கள் பாகற்காயை விட்டுவிட்டு வருவது எதற்கு என்று இப்போது புரிகிறது.

காசி முழுக்கச் சைவம் என்று நினைப்பதும் சரியல்ல. மதன்புரா, நயீ சடக் பக்கம் கபாபும் பிரியாணியும் தெரு முழுக்க மணக்கும். பனாரஸ் பட்டு வாங்காமல் நாம் திரும்புவதில்லை. அதை நெய்கிறவர்கள் தெருவில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கக்கூட மனமில்லை என்றால் எப்படி? அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன், மற்றவர்கள் பின்னூட்டத்தில் கோபப்பட வேண்டாம்.

வயிறு கெட்டுவிடும் என்ற பயம் நியாயமானது. வாணலியிலிருந்து நேராகத் தொன்னைக்கு வருவதைச் சாப்பிடுங்கள், பச்சைச் சட்னியையும் திறந்து வைத்த தண்ணீரையும் தொடாதீர்கள், பானிபூரியை ஆசை இருந்தாலும் கடைசி நாளுக்குத் தள்ளி வையுங்கள். கடைசியாகப் பான். பனாரசி பானுக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பீகாரிலிருந்து வரும் மகஹி வெற்றிலையைப் பக்குவப்படுத்தி, நிறம் வெளுத்து, நரம்பு தெரியாத அளவுக்கு மென்மையாக்கி மடிக்கிறார்கள். கடைக்காரர் கையை நீட்டுவதற்கு முன்பே புகையிலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர் தன் வழக்கப்படி போட்டுக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. இனிப்பு வேண்டுமென்றால் 'மீட்டா', குல்கந்து தாராளமாக வைப்பார். வாய் நிறையப் பானோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச முடியாது, கட்டணத்தை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.