கைநாட்டை ஒழித்த வாத்தியார்

ஊராருக்குக் காசு வாங்காமல் எழுத்தறிவித்த ஒடிசாவின் நந்த பிருஸ்டி ஐயாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கியபோது அவர் இரு கைகளையும் தூக்கிக் குடியரசுத் தலைவரை ஆசீர்வதித்த படத்தோடு முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிது ஜாஜ்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் அவர் பார்த்த வேலை.

ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவர். ஊரார் கைநாட்டு வைப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் மரத்தடியில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். பகலில் பிள்ளைகள், பொழுது சாய்ந்தால் பெரியவர்கள். பல பத்தாண்டுகள் ஒரு பைசா வாங்கவில்லை. அரசு உதவியும் வேண்டாம் என்றார். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை அவரிடம் படித்திருக்கிறது! விருது வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் கொரோனா கொண்டுபோய்விட்டது. நூறு வயதைத் தாண்டியவர்தான், இருந்தாலும் மனசு ஆறவில்லை.

எங்கள் தாத்தாவும் தொடக்கப்பள்ளி வாத்தியார். சாயங்காலம் திண்ணையில் தெருப்பிள்ளைகள் விரலைப் பிடித்துப் பச்சரிசித் தட்டில் 'அ' எழுதவைப்பார். அத்தனை பேருக்கும் சுண்டல் அவித்துக் கொடுத்தது எங்கள் ஆச்சி. இப்படிப்பட்ட வாத்தியார்களின் வீட்டுப் பெண்களைப் பற்றியும் அடுத்த கட்டுரையில் எழுதுங்கள் ஐயா.