எனக்கு அப்புறம் போன் செய்யுங்கள், முதலில் ஊசி போடுங்கள்

கடுமையான உணவு அலர்ஜி உள்ள குழந்தையை முதன்முதலாக மழலையர் பள்ளிக்கு அனுப்பப் போகும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "உங்க ஸ்கூல்ல வேர்க்கடலைக்குத் தடை இருக்கா?" அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம் எனக்கு நன்றாகவே புரியும். என் மகளுக்கு நான்கு வயது. பாலும் முந்திரியும் அவளுக்கு ஆகாது. அரிப்போடு நின்றுவிடும் வகை இல்லை, மூச்சுக்குழாயை இறுக்கி ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும் வகை. ஆனாலும் ஒரு பள்ளியில் நான் முதலில் கேட்பது தடையைப் பற்றி அல்ல. "என் பிள்ளைக்கு உதடு வீங்கி, வாந்தி எடுத்து, இருமல் ஆரம்பித்தால், அந்த அறையில் அவசர அட்ரினலின் ஊசி போடப் போவது யார்? போட்டதும் முதல் போன் யாருக்கு?" இதற்கு யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்கிற பள்ளிதான் எனக்கு நல்ல பள்ளி. வாசலில் என்ன பலகை தொங்குகிறது என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நேரம்தான் காரணம். பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர், அனாஃபிலாக்சிஸ் எனப்படும் கடும் அலர்ஜித் தாக்குதலால் நேர்ந்த மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். உணவால் வந்த தாக்குதல்களில் மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரம், இடைநிலைக் கணக்கில், 30 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு. மரணம் அரிதுதான். இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அரை மணிக்குள் அம்மாவுக்குப் போன் போட்டு, அவள் எடுக்காமல் அப்பாவுக்குப் போட்டு, தலைமை ஆசிரியரிடம் ஓடி அனுமதி கேட்டு, அலமாரிச் சாவியைத் தேடி... எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2017 நவம்பரில் நியூயார்க்கில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலைஜா என்ற மூன்று வயதுக் குழந்தை. பால் அலர்ஜி இருப்பது பள்ளிக்குத் தெரியும். அப்படியும் சீஸ் வைத்த சாண்ட்விச் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு முடியாமல் போனபோது அம்மாவை அழைத்தார்கள், ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பெற்றோர் விடாமல் போராடி, 2019-ல் நியூயார்க் மாநிலத்தில் குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் வரச் செய்தார்கள். குழந்தைகள் காப்பகங்களில் இப்படிப்பட்ட தாக்குதலைத் தடுக்கவும், வந்தால் சமாளிக்கவும் விதிமுறையும் பயிற்சியும் வேண்டும் என்கிறது அது. அந்தச் செய்தியில் என்னை மிகவும் உலுக்கியது சாண்ட்விச் கூட இல்லை, அந்தப் போன் அழைப்புதான். கைத்தவறு எந்தப் பள்ளியிலும் நடக்கும். அதற்குப் பிறகான நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைக்க முடியும்.

அடுத்த தடங்கல், அலர்ஜி சிரப். "முதல்ல சிரப் கொடுத்துப் பார்ப்போம், சரியாகலைன்னா ஊசி" என்று சொல்லும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டர் உறவினர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த சிரப், அலர்ஜியின்போது உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற ஒரு ரசாயனத்தை மட்டும்தான் தடுக்கும். அரிப்பும் தடிப்பும் குறையும். ஆனால் தாக்குதலில் மாஸ்ட் செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் ஹிஸ்டமினோடு வேறு பலவற்றையும் சேர்த்துக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, தொண்டை வீங்குகிறது. இவை அத்தனைக்கும் ஒரே நேரத்தில் எதிராக வேலை செய்வது அட்ரினலின். எபினெஃப்ரின் என்று சொல்வதும் அதையேதான். சிரப்பால் தோல் அடங்கிவிட்டதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருப்பது, உள்ளே மூச்சு அடைபடும் நேரமாக இருக்கலாம்.

சரி, ஊசி கையிலேயே இருக்கிறது, பயிற்சியும் ஆகிவிட்டது. அப்படியும் பெரியவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? தேவையில்லாமல் போட்டுவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்களோ என்ற பயம். முதல் பயத்துக்குப் பதில் எளிது. சரியான அளவில் தொடைத் தசையில் போட்டால், ஆரோக்கியமான குழந்தைக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளிறும், அப்புறம் அடங்கிவிடும். போடாமல் விட்டால் வரக்கூடியதோடு இதை ஒப்பிடவே முடியாது. இரண்டாவது பயத்தைப் போக்க வேண்டியது நாம், பெற்றோர்தான். மருத்துவர் கையெழுத்திட்ட அவசரகாலத் திட்டத்தோடு நான் பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறேன். சந்தேகம் வந்தாலே போடுங்கள், பிறகு அது தேவைப்பட்டிருக்காது என்று தெரிந்தாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், போடுவதற்கு முன் என்னிடம் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்ததும் வகுப்பு மிஸ்ஸின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

அந்த மிஸ்தான் பிறகு என் மகளைக் காப்பாற்றினார். எதனால் வந்தது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பகல் சிற்றுண்டி முடிந்து சிறிது நேரத்தில் வாந்தி எடுத்திருக்கிறாள். அடுத்து இருமல், குரல் கரகரப்பு. உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. மிஸ் ஊசியைப் போட்டார், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைத்தார். எனக்கு வந்த போனில் மிஸ் சொன்னது இவ்வளவுதான்: "ஊசி போட்டாச்சு. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. பாப்பா படுத்திருக்கா, பேசுறா. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க." இந்த வரிசையில் ஒரு போன் வருவதற்காகத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன்.

தடிப்பு இல்லை என்றேன் அல்லவா, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். தாக்குதல் என்றால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஆனால் தோலில் எதுவுமே தெரியாமலும் வரும். அதிலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாது. "நாக்கு சுடுது", "தொண்டையில ஏதோ இருக்கு", "வாய் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லலாம். சொல்லாமல் நாக்கைக் கையால் இழுக்கலாம், காதைச் சொறியலாம், எச்சில் வடிக்கலாம். ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மடியில் வந்து ஒட்டிக்கொள்ளலாம், துவண்டு தூங்கப் பார்க்கலாம். இந்தத் திடீர் மாற்றத்தை "அடம் பிடிக்கிறாள்", "தூக்கம் வந்துவிட்டது" என்று ஒதுக்கிவிடுவது மிகச் சுலபம். நாள் முழுக்க பிள்ளையோடு இருக்கிற ஆசிரியருக்கும் உதவியாளருக்கும்தான் அது கண்ணில் படும். அதனால் பயிற்சியில் ஊசி போடுவதற்குக் கொடுக்கிற நேரத்தைவிட, அடையாளம் கண்டுபிடிப்பதற்கு அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். வழக்கமான மிஸ் விடுப்பில் போகிற அன்று அவருக்குப் பதிலாக வருபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான்.

ஊசி போட்ட பிறகு பிள்ளையைத் தூக்கி நிறுத்தக் கூடாது, நடக்கவும் விடக் கூடாது. ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து ஆபத்தாகிவிடும். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தலாம். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். 5 முதல் 15 நிமிடத்துக்குள் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். அதனால் பள்ளியில் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அடங்கிய தாக்குதல் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரும்.

ஊசி இருக்கும் இடத்தைப் பற்றி நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பூட்டிய அறை கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் கைக்கு உடனே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மைதானத்துக்குப் போனாலும் சுற்றுலா போனாலும் பிள்ளையோடு அதுவும் போக வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் வைக்கக் கூடாது. மருந்து நிறம் மாறியிருந்தால் வேறு வாங்க வேண்டும், காலாவதித் தேதியைப் பெற்றோரும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எபிபென் மாதிரி, மருந்து முன்பே நிரப்பிய பேனா வடிவ ஊசிக் கருவி என்றால் உடையின் மேலேயே, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் குத்தலாம். சின்னப் பிள்ளை உதறும் என்பதால் காலை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முனையில் கட்டைவிரலை வைத்துவிட்டால் ஊசி போடுபவருக்கே ஏறிவிடும். 15 கிலோவிலிருந்து 30 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவது 0.15 மில்லிகிராம் பேனா. அந்தப் பேனாவே கிடைக்காத நாடுகளும் பல இருக்கின்றன. அங்கே ஆம்பியூல் என்ற கண்ணாடி மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் வைத்துக்கொண்டு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்கிறார்கள். பதற்றத்தில் அளவு தவறலாம் என்பதால், அவர்கள் பள்ளியில் இன்னும் அடிக்கடி பழக வேண்டும். அமெரிக்காவில் 2025-ல் நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன, 15 கிலோவிலிருந்து 30 கிலோவுக்குள் எடையுள்ள பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேயும் அனுமதி பெற்றுவிட்டது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களின் பாதித் தயக்கம் அதோடு போய்விடும்.

இப்போது தடைக்கு வருகிறேன். உணவைத் தடை செய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவழ்ந்து எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில், அந்த ஓர் அறையில் ஒரு பொருளை விலக்குவது நியாயமே. ஆனால் பள்ளி முழுவதற்கும் தடை போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2021-ல் பள்ளிகளுக்கும் காப்பகங்களுக்கும் வெளியிட்ட வழிகாட்டுதலும், பள்ளி முழுவதற்குமான உணவுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. ஊழியர் பயிற்சி, எழுதி வைத்த அவசரகாலத் திட்டம், தயாராக இருக்கும் அட்ரினலின், இவற்றையே பரிந்துரைக்கிறது. தவிர, வேர்க்கடலையை விலக்கலாம், பாலை எப்படி விலக்குவது? முட்டையையும் கோதுமையையும்? என் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகையால் ஒரு பயனும் இல்லை.

விளையாட்டுப் பொருள்களிலும் கண் வேண்டும். பிசைந்து விளையாடும் மாவில் கோதுமை இருக்கும், கைவேலைக்கு வரும் காலி முட்டை அட்டையிலும் பால் டப்பாவிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஈரத் துடைப்பானால் துடைக்க வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஆனால் கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. வாசனை பட்டாலே மயங்கி விழுந்துவிடும் என்ற பயத்துக்கு அநேகமாகக் காரணமில்லை. ஆபத்து பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வருகிறது.

பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளையைத் தனி மேசையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. மேசையைத் துடைத்து, பக்கத்தில் ஆபத்தில்லாத உணவு கொண்டுவரும் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு பெரியவர் கூட இருந்தால் போதும். நான்கு வயதில் தினமும் தனியாகச் சாப்பிடும் பிள்ளை, தன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

"ஒரு பிள்ளைக்காக நாங்க எல்லாரும் மாறணுமா?" என்று கேட்கும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களிடம் நான் கேட்பது மிகக் கொஞ்சம். உங்கள் பிள்ளையிடம், அடுத்தவர் டிபன் பாக்ஸில் எதையும் வைக்கக் கூடாது, அதிலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது என்று சொல்லுங்கள். சாப்பிட்டதும் கை கழுவப் பழக்குங்கள். பிறந்தநாளுக்கு ஏதாவது கொண்டுவருவதாக இருந்தால் முந்தின நாளே மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். நான் என் மகளுக்காகப் பள்ளியில் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து அவளுக்கும் ஓர் இனிப்பை மிஸ் எடுத்து வைத்துவிடுவார், மற்றவர்கள் சாப்பிடும்போது அவளும் சாப்பிடுவாள். கடையில் வாங்கிய பொருளை வேறு டப்பாவுக்கு மாற்றாமல், லேபிள் கிழியாத கவரோடு அப்படியே கொண்டுவாருங்கள். எந்தப் பிள்ளைக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், என்ன சாப்பிட்டது என்று ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் அந்தக் கவரையே காட்டலாம்.