குருவானவருக்கு யார் துணை?

இங்கிலாந்துத் திருச்சபைக்குள் இருந்துகொண்டே கத்தோலிக்க வழிபாட்டு மரபைப் போற்றும் ஆங்கிலோ-கத்தோலிக்கக் குருக்கள் என்றதும் மெழுகுதிரியும் தூபமும் சரிகை வைத்த திருவுடையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்காக இங்கிலாந்தில் வழக்குகள் நடந்ததும், 1874ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு ஒழுங்குச் சட்டத்தின் விளைவாக 1877 முதல் 1887 வரையிலான காலத்தில் குருக்கள் ஐவர் சிறைக்குப் போனதும் உண்மையே. ஆனால் அந்த மரபில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. தத்தம் சேகரத்தில், அதாவது தம் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், தன்னந்தனியாக நின்ற குருக்கள் ஒன்றுகூடி, ஒரே விதிமுறைக்குத் தங்களை உட்படுத்திக்கொண்டு, ஒருவருடைய ஆன்மாவுக்கு மற்றவர் பொறுப்பேற்றார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு வித்திட்டவர் சார்லஸ் ஃபியூஜ் லௌடர். அந்தக் கதை பெருமைக்குரிய விதத்தில் தொடங்கவில்லை. 1854இல் அவர் லண்டன் பிம்லிகோவில், புனித பர்னபா ஆலயத்தின் உதவிக் குரு. ஆலயத்தின் வழிபாட்டு முறைகளை எதிர்த்தவர்களுக்காகத் தெருவில் விளம்பரப் பலகை சுமந்து நடந்த ஒருவர்மேல் அழுகிய முட்டை எறியும்படி, பாடகர் குழுச் சிறுவர்களுக்கு அவரே காசு கொடுத்துவிட்டார். பிஷப் அவரை ஆறு வாரம் பணியிலிருந்து விலக்கி வைத்தார். அந்த இடைவெளியில் பிரான்சுக்குப் போன லௌடர், அங்கே புனித வின்சென்ட் தெ பவுலின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். வின்சென்ட் ஏழைகளின் தொண்டர் மட்டுமல்லர். 1633 முதல் பாரிசில் செவ்வாய்க்கிழமைதோறும் குருக்களைக் கூட்டி, அவர்களுடைய அழைப்பைப் பற்றியும் நடத்தையைப் பற்றியும் மனம்விட்டுப் பேசச் செய்தவர். ஏழைகளிடம் அனுப்பப்படுகிறவரை முதலில் தாங்கிப்பிடிக்க ஒரு கூட்டம் வேண்டும் என்பதை லௌடர் அங்கிருந்துதான் கற்றார் என்றே நான் நினைக்கிறேன்.

1855 பிப்ரவரி 28 அன்று லண்டன் சோஹோ பகுதியில், ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் சிற்றாலயத்தில் ஆறு குருக்கள் கூடித் திருச்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தினசரி ஜெபம், அடிக்கடி நற்கருணை, தன்னாய்வு, இன்னொரு குருவிடம் பாவ அறிக்கை, தனித்திருந்து தியானிக்கும் ஞான ஒடுக்கம், தவறாமல் கூடிவருதல் ஆகியவையே அதன் உயிர்நாடி. விதியில் எளியதும் கடினமானதுமான படிகள் இருந்தன. கடினமான படியை ஏற்றவர் மணத்துறவையும் ஏற்க வேண்டும். அந்த அறுவரும் ஒரே வழியில் நிலைத்துவிடவில்லை. ஹென்றி ராவ்ஸ் அடுத்த ஆண்டே ரோமைச் சபையில் சேர்ந்தார். ஆல்ஃபிரெட் பூல் பாவ அறிக்கை கேட்டதன் தொடர்பில் 1858இல் பிஷப்பிடம் உரிமத்தை இழந்தார். சார்லஸ் மாரிஸ் டேவிஸ் பிற்காலத்தில் பத்திரிகையாளராகி வேறு திசையில் போனார். விதிமுறை யாரையும் கட்டிப்போட்டு வைக்காது. ஆயினும் தங்கியவர்களை அது எப்படித் தாங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

லௌடர் 1856இல் கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதிக்குப் போனார். மாலுமிகளும் கூலித் தொழிலாளரும் சாராயக் கடைகளும் நெருக்கியடித்த இடம் அது. அங்கே மிஷன் இல்லத்தில் குருக்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். காலை 6.30க்கு எழுப்பும் மணி. 7 மணிக்குச் சிற்றாலயத்தில் கூட்டு ஜெபம். பகலில் தெருக்களிலும் பள்ளிகளிலும் அலைந்து திரும்பிய பிறகு மறுபடியும் ஜெபம். 1859இலும் 1860இலும் அந்தப் பகுதியின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் ஞாயிறுதோறும் கூட்டம் புகுந்து கூச்சலிட்டு ஆராதனையைக் குலைத்தது. 1866 ஜூன் 30 அன்று புனித பேதுரு ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதே கோடையில் காலரா வந்தது. லௌடர் நோயுற்ற பிள்ளைகளைத் தம் கைகளிலேயே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். அங்குள்ள மக்கள் அவரை ‘ஃபாதர்’ என்று உரிமையோடு அழைத்தார்கள். அந்தத் துணிச்சலைத் தனி மனிதரின் வீரமாகப் பேசுவது எளிது. கூச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் நடுவே அந்த மனிதரை ஆண்டுக்கணக்கில் உடையாமல் வைத்திருந்தது, காலை 7 மணிக்குப் பக்கத்தில் முழங்காலிட்ட இன்னொரு குருவும், அவருடைய பலவீனம் முழுவதையும் அறிந்த ஒரு பாவ அறிக்கைக் குருவுமே என்பது என் உறுதியான எண்ணம்.

இதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. பாவ அறிக்கை கேட்கும் குருக்களுக்கென்று எழுதப்பட்டு, சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஒரு கையேட்டின் பகுதிகளை 1877 ஜூனில் ரெட்ஸ்டேல் பிரபு நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் வாசித்தபோது நாடே கொந்தளித்தது. உறுப்பினர் பலர் விலகினார்கள். எதிர்ப்பில் மிகையும் காழ்ப்பும் கலந்திருந்தன. என்றாலும், குருக்கள் தங்களுக்குள் மட்டுமே வைத்துக்கொள்ளும் எதையும் சபையார் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஒருவரையொருவர் திருத்தக் கூடிய கூட்டம், ஒருவரையொருவர் மறைத்துக் காக்கும் கூட்டமாக மாற அதிக நாள் ஆகாது.

அந்த வகையில் 1913இல் கேம்பிரிட்ஜில் உருவான நல்மேய்ப்பர் அமைப்பு இன்னும் தெளிவான வழியைக் கண்டது என்பேன். அதன் உறுப்பினர்கள் ஒரே இல்லத்தில் வாழ்வதில்லை. அவரவர் பணியிடத்தில் இருந்துகொண்டே மணத்துறவோடு பொது விதியைக் கைக்கொள்கிறார்கள். தாம் செலவழித்த பணத்துக்கு ஆண்டுதோறும் சகோதரர்களிடம் கணக்கும் ஒப்புவிக்கிறார்கள். ஜெப வாழ்வைப் பற்றி அழகாகப் பேசிவிடலாம். இந்த மாதம் எதற்கு எவ்வளவு செலவழித்தேன் என்று இன்னொருவரிடம் சொல்வதற்கு உண்மையான தாழ்மை வேண்டும்.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். 1947இல் ஆங்கிலிக்கன் சபையும் பிஷப்புகள் இல்லாத வேறு சபைகளும் ஐக்கியமாகி எங்கள் சபை உருவானபோது அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர்கள் இங்கிலாந்தின் ஆங்கிலோ-கத்தோலிக்கர்களே, கவிஞர் டி. எஸ். எலியட் 1943இலேயே அதற்கு எதிராகத் துண்டுநூல் எழுதினார். பிஷப்பின் அபிஷேகம் பெறாதவரின் ஊழியத்தை அவர்கள் குறைவாக எண்ணியதை நான் ஏற்கவில்லை. பெண்களின் குருத்துவத்திலும் அவர்களில் ஒரு பகுதியாரோடு எனக்கு உடன்பாடில்லை. 1992இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை அதற்கு வழி திறந்த பின்னும் திருச்சிலுவைச் சங்கம் ஆண்களுக்கு மட்டுமானதாகவே நின்றது. பெண் குருக்களையும் சேர்த்துக்கொள்ளும் கத்தோலிக்கக் குருக்கள் சங்கம் 1994இல் தனியாக எழுந்தது. தினசரி ஜெபம், நற்கருணை, பாவ அறிக்கை, கூடிவருதல் என்று இரண்டும் கேட்பவை ஏறத்தாழ ஒன்றே. அருள்பொழிவு பெற்ற ஒரு பெண்ணுக்கும் அதே பாரமும் அதே தனிமையும் இருக்கும்போது, அவரை வாசலில் நிறுத்துவது அந்தச் சகோதரத்துவத்தின் நோக்கத்துக்கே முரணானது.

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கு நடுவிலும் அவர்களிடமிருந்து நாம் பெற வேண்டியது இருக்கிறது. நம் குருவானவர் அடக்க ஆராதனைக்கும் திருமணத்துக்கும் கமிட்டிச் சண்டைக்கும் ஓடுகிறார்; இடமாற்றம் வந்தால் குருமனையைக் காலிசெய்து பழகிய முகங்களை விட்டுப் போகிறார். சேகரத்தார் அத்தனை பேரும் தங்கள் துக்கத்தை அவரிடம் இறக்கிவைக்கிறார்கள். அவர் தம்முடையதை யாரிடம் இறக்குவார்? பிஷப்பிடம் சொல்லத் தயங்குவார், ஏனெனில் இடமாற்றம் அவர் கையில் இருக்கிறது. சேகரத்தாரிடம் சொல்ல முடியாது. அவருடைய மனைவியான ஐயரம்மாவே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

குருவானவர்களின் மாதக் கூட்டங்களில் சுற்றறிக்கையும் காணிக்கைக் கணக்கும் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. அந்த நாளின் முதல் இரண்டு மணி நேரத்தை ஜெபத்துக்கும் திருவிருந்துக்கும் ஒதுக்கி, அதற்குப் பிறகு நால்வர் ஐவராகப் பிரிந்து, வெளியே போகாது என்ற உறுதியோடு பேச இடம் தரலாம். நிர்வாகம் அதைச் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. லௌடரும் நண்பர்களும் யாருடைய ஆணைக்கும் காத்திராமல்தான் கூடினார்கள். பக்கத்துச் சேகரங்களின் குருவானவர்கள் மூவர் மனம் ஒத்தால், வரும் மாதமே ஒரு நாளைக் குறித்துவிடலாம்.