ஐந்தாம் அதிகாரத்தை ஏன் தாண்டினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கட்டட நிதிக் கணக்கைக் கேட்ட அக்காவை எல்லார் முன்னாலும் ‘சன்பல்லாத்’ என்றார்கள், வேதாகமத்தின் நெகேமியா புத்தகத்தைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு. இன்னும் மனசு ஆறவில்லை.

சன்பல்லாத் யார்? எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, அதிபதி நெகேமியாவின் தலைமையில் கட்டுகிறவர்களைப் பரியாசம் பண்ணினவன், யுத்தத்துக்கு ஆள் சேர்த்தவன், ஓனோ பள்ளத்தாக்குக்கு அழைத்து நெகேமியாவுக்குப் பொல்லாப்பு செய்யப் பார்த்தவன். அவன் கணக்குக் கேட்கவில்லை. அலங்கத்துக்கு ஒரு கல்லும் தூக்கவில்லை. அந்த அக்கா மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவர்.

முறையிட்டவர்கள் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறார்கள். ஜனங்களும் அவர்கள் ஸ்திரீகளும். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள். கடன் கொடுத்தது சொந்த யூதப் பிரபுக்கள். சுற்றிலும் சத்துரு நின்ற நேரம் அது. ‘முதலில் வேலை முடியட்டும்’ என்று நெகேமியா சொன்னாரா? கோபப்பட்டார், ஆனால் பிரபுக்கள்மேல். பெரிய சபையைக் கூட்டினார். தானும் கடன் கொடுத்திருப்பதை அங்கேயே ஒத்துக்கொண்டார். நிலம், ஒலிவத்தோப்பு, வீடு, நூற்றுக்கொன்று வட்டி, எல்லாவற்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆசாரியரை அழைத்து ஆணையிட வைத்தார். 52 நாளில் அலங்கம் முடிந்ததைச் சொல்வது அதற்கு அடுத்த அதிகாரம்.

தலைவருக்குக் கீழ்ப்படிந்ததால்தானே கட்டினார்கள் என்பீர்கள். மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். தட்டான், தைலக்காரன், ஆசாரியன், சல்லூமும் அவன் குமாரத்திகளும். பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள். வேலைக்குக் கழுத்தைக் கொடுக்காதவர்கள் தெக்கோவா ஊரின் பிரபுக்கள். அந்த ஊர் ஜனங்களோ இன்னொரு பங்கையும் சேர்த்துக் கட்டினார்கள்.

முன்னிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளி வாங்கினார்கள். நெகேமியா 12 வருஷம் அந்தப் படியைத் தொடவில்லை. தன் பந்தியில் 150 பேர், நாளுக்கு ஒரு காளை, ஆறு ஆடு என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார். கணக்குச் சொல்வது அவருக்கு அவமானமாக இல்லை.

பதின்மூன்றாம் அதிகாரத்தில் மயிரைப் பிடுங்கினாரே என்கிறார் ஒருவர். பிடுங்கினார். அந்நிய ஸ்திரீகளை விவாகம் பண்ணினவர்களில் சிலருடைய மயிரை, கணக்குக் கேட்டவர்களுடையதை அல்ல.

சபைக் காரியத்தை முகநூலில் எழுதலாமா? கூட்டத்தில் வாயை அடைத்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள்.

அப்போஸ்தலர் காலத்து எருசலேம் சபையிலும் முறுமுறுப்பு வந்தது. கிரேக்கு பேசுகிற விதவைகள் பந்தியில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர் யாரையும் பிரிவினைக்காரர் என்று சொல்லவில்லை. சபையையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களை அந்தச் சபை எவ்வளவு நம்பியிருக்கிறது!

அக்கா கேட்டது ஒரே ஒரு தாள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையெழுத்து யாருடையது. அது இன்னும் வரவில்லை.