கெடு யாருக்கு?

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் கோப்பை என்னிடம் காட்டினார். ஆண்டு மதிப்பீட்டறிக்கையில் அநியாயமாகக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று அவர் கொடுத்த மனுவும், அதற்கு வந்த மூன்று பதில்களும் அதில் இருந்தன. மூன்றிலும் ஒரே வரி: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ தேதியும் கடித எண்ணும் மட்டுமே மாறியிருந்தன. யாருடைய பரிசீலனையில் இருக்கிறது, எப்போது முடியும் என்று ஒரு சொல்கூட இல்லை. அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பல நாடுகளில் படைவீரருக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. வேலைநிறுத்தம் பெரும்பாலான நாடுகளில் நினைத்துப் பார்க்க முடியாதது. பிடிக்கவில்லை என்று நாளையே வேலையை விட்டுவிட்டு வரவும் முடியாது. இத்தனை கதவுகளையும் அடைத்துவிட்டு அவருக்கென்று விட்டுவைத்திருக்கும் வழி இந்த மனுதான். அதையும் கிடப்பில் போட்டால் அவர் எங்கே போவார்?

இத்தகைய மனுக்களுக்குக் கனடா ராணுவத்தில் உள்ள விதிகளைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாதிக்கப்பட்டவர் மூன்று மாதங்களுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். முதல்நிலை அதிகாரிக்கு நான்கு மாத அவகாசம். அதற்கு மேல், இறுதி முடிவெடுக்கும் தலைமைத் தளபதியின் நிலையில் கெடுவே கிடையாது. வெளியிலிருந்து ஆராய 2000 முதல் ஒரு குழு இருக்கிறது. ஆனால் அதன் பரிந்துரை தளபதியைக் கட்டுப்படுத்தாது. ஏற்க மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்பது மட்டும் நல்ல விதி. முன்னாள் தலைமை நீதிபதி அந்தோனியோ லமேர் இந்த முறையை ஆராய்ந்து, ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2003இலேயே பரிந்துரைத்தார். 2021இல் மீண்டும் ஆராய்ந்த முன்னாள் நீதிபதி மோரிஸ் ஃபிஷும் தாமதத்தைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. மனு கொடுப்பவர் ஒரு நாள் பிந்தினால் காரணம் கேட்கிறார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் ஆண்டுக்கணக்கில் பிந்தினால் அவரிடம் யார் கேட்பது?

வெளிப்படையாக இருந்தால் ஒழுங்கு குலையும், ரகசியம் கசியும் என்பார்கள். நான் இதை ஏற்கவில்லை. மனு கொடுத்த வீரர் போர்த்திட்டத்தைக் கேட்கவில்லை. தன் படித்தொகை, தன் மதிப்பீட்டறிக்கை, தன் பதவி உயர்வு பற்றிய காகிதம் யாரிடம் நிற்கிறது என்றுதான் கேட்கிறார். காத்திருக்கும் காலத்தில் அவருடைய அடுத்த அறிக்கையை எழுதப்போவதும் பெரும்பாலும் அதே மேலதிகாரிதான். இந்த நிலையில் தாமதமே ஒரு தண்டனை.

ஜெர்மனியில் ஒரு மாதத்துக்குள் புகாருக்கு முடிவு வராவிட்டால், வீரர் அந்த மௌனத்தையே காரணமாகக் காட்டி மேல்நிலைக்குப் போகலாம். நாடாளுமன்றத்தின் ராணுவ ஆணையருக்கு, எந்த மேலதிகாரியின் வழியாகவும் அல்லாமல், நேரடியாகவே எழுதலாம். இந்தியாவிலும் ஆறு மாதங்களில் இறுதி ஆணை வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுக 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பதில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விளைவு இருந்தால்தான் கோப்பு நகரும் என்பது இந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் வைத்து, பணியில் இருந்துகொண்டே சொந்தப் படையின்மீது வழக்குத் தொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதனால் கெடுவைப் படைக்குள்ளேயே கட்டாயமாக்க வேண்டும். முதல்நிலை அதிகாரிக்கு மட்டுமல்ல, உச்சியில் இருப்பவருக்கும் வேண்டும். மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனுதாரர் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும். எத்தனை மனுக்கள் எவ்வளவு காலமாகத் தேங்கியிருக்கின்றன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அவருடைய கோப்பில் நான்காவதாக ஒரு கடிதமும் இருந்தது. மதிப்பீட்டைத் திருத்த உத்தரவிட்டிருந்தார்கள். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது வந்தபோது அவர் ஓய்வுபெற்று ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கடிதத்தை மடித்து அதே கோப்பில் வைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார்.