சரியாகப் போட்டால் சரியாகக் கழன்றுவிடுமாம்

'சரியாகப் போட்டால் தானாகவே கழன்றுவிடும்' என்று இனி எவராவது என்னிடம் சொன்னால், அவரைக் குளிர்ந்த நீரில் நீந்துவதற்காகப் போடும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள் திணித்து, முதுகு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, அதில் தொங்கும் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு வீடு திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை, நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிக்காக இங்கிலாந்தின் ஓர் ஏரியில் 1.5 கிலோமீட்டர் நீந்தி உயிரோடு கரையேறிய மகிழ்ச்சி எனக்குச் சரியாக 6 நிமிடம் 40 விநாடிதான் நீடித்தது. நீச்சல் முடிந்து மிதிவண்டியில் ஏறுவதற்குள் நான் எடுத்துக்கொண்ட நேரம் அது. போட்டி முடிவுப் பட்டியலில் அதைத் தனிக் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், மிக்க நன்றி.

போடுவதில் குறை வைத்தேனா என்றால், வைக்கவில்லை. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைக்கச் சொன்னார்கள்; நுழைத்தேன். உடையின் கால் முனையைக் கணுக்காலுக்கு நன்றாக மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து சிறுகச் சிறுகக் கிள்ளி இழுத்து, தொடையிடுக்கில் இடைவெளியே இல்லாமல் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை பின்னுக்கு இழுக்கும் என்றார்கள், அதையும் செய்தேன். கழுத்து உராயாமலிருக்கக் களிம்பு பூசினேன். விடியற்காலைக் குளிரில் வியர்த்து ஒழுக இருபத்தைந்து நிமிடம் என்னோடு நானே மல்லுக்கட்டி, கடைசியில் ஜிப் எட்டாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நகம் படக்கூடாது, விரல் நுனியின் சதையால்தான் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் ஒரே ஒரு கணம் மறந்தது. உடையின் வலது தொடையில் பிறைச்சந்திரனைப் போல ஒரு கீறல்.

இந்த உடையை முதலில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றிவிட்டு, 1950களின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தவர். உடல் நனைந்தாலும் பரவாயில்லை, நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய குமிழிகளே சூட்டைக் காத்துவிடும் என்று கண்டறிந்த அந்த மேதை, உள்ளே போன மனிதன் வெளியே வருவது எப்படி என்பதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். 16 டிகிரித் தண்ணீரில் அது என்னைக் காப்பாற்றியது என்பதையும், என் கால்களை மிதக்க வைத்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று நியாயம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

கரையேறியதும் முதுகுக் கயிற்றைத் தேடினேன். அது எல்லோருக்கும் முதுகில் இருக்கும். எனக்கு மட்டும் இடது அக்குளுக்குள் ஒளிந்திருந்தது. இழுத்தேன், கழுத்துப் பட்டியைப் பிரிக்காமல் இழுத்ததால் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. பிரித்துவிட்டு மறுபடியும் இழுத்தேன். இடது கை மணிக்கட்டில் கடிகாரம் மாட்டிக்கொண்டது. நீச்சல் கண்ணாடியையும் தொப்பியையும் கையில் பிடித்தபடியே கையை உருவினால் அவை சட்டைக்கைக்குள் பத்திரமாகத் தங்கிவிடும் என்று ஒரு உத்தி சொல்லியிருந்தார்கள். அவை மட்டுமல்லாமல் என் முழங்கையும் அங்கேயே பத்திரமாகத் தங்கிவிட்டது. ஒருவழியாக இடுப்புக்கு மேல் விடுதலை பெற்று, உடையின் இரண்டு வெற்றுக் கைகளும் பக்கவாட்டில் தொங்கி ஆட, பாதி உரித்த வாழைப்பழம் போல என் மிதிவண்டியை நோக்கி ஓடினேன்.

உடலுக்கும் உடைக்கும் நடுவே தண்ணீர் இருக்கும்போதே மிச்சத்தையும் உருவிவிட வேண்டும். நான் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான், வழுக்க வேண்டியது ஒட்டிக்கொண்டது. வலது கால் வந்தது. இடது கணுக்காலில் நேரம் கணக்கிடும் சிப் கட்டியிருந்ததால், அந்தக் கால் வரவே மாட்டேன் என்றது. ஒரு காலால் உடையை மிதித்துக்கொண்டு மறு காலைத் தூக்கினேன். நியோப்ரீன் நீண்டது, மேலும் நீண்டது, நீளுவதற்கு இனி எதுவும் இல்லை என்ற இடத்தில் மிதித்த கால் நழுவி, உடை சுருண்டு வந்து என் முழங்காலில் அறைந்தது. விழும்போது பக்கத்திலிருந்தவருடைய மிதிவண்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அருகில் நின்ற வயதான தன்னார்வலர் அம்மையார் மிகுந்த கருணையோடு குனிந்து, தான் தொட்டுவிட்டால் அது வெளியுதவியாகி எனக்குத் தண்டனை வந்துவிடும் என்று விளக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று, 'சரியாகப் போட்டிருந்தால் எளிதாக வந்திருக்குமே' என்றார்.

புல்தரையில் மல்லாந்து கிடந்து, இடது காலை வானத்தை நோக்கி நீட்டி, இரண்டு கைகளாலும் இழுத்துத்தான் அதைப் பிடுங்கினேன். அதன் பிறகு 40 கிலோமீட்டர் மிதித்ததும் 10 கிலோமீட்டர் ஓடியதும் எனக்கு ஓய்வாகவே இருந்தன.

வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிக் குளியலறையில் தொங்கவிட்டேன். புரட்டுவது தனிப் போராட்டம். அதை இங்கே எழுதினால் விடிந்துவிடும். நள்ளிரவில் குளியலறை விளக்கைப் போட்ட அம்மா அலறிய அலறலில் வீடே எழுந்துகொண்டது. ஊரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, கிணத்துல குதிக்கறப்ப உனக்கு ஒரு கோவணம் போதுமா இருந்துச்சே" என்றார். என்னால் கோபத்தைத் தொடர முடியவில்லை. இருவரும் குளியலறை வாசலில் நின்று சிரித்தோம்.

காலையில் அந்தக் கீறலை ஒட்டுவதற்கான பசையை எடுத்துக்கொண்டு வந்தால், அம்மா வெட்சூட்டை மடியில் போட்டுக்கொண்டு, கையில் ஊசியோடு, கருப்பு நூல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.