அந்தப் பணத்துக்கு வந்த சரக்கு எங்கே போனது?

காரைக்குடிக் கூட்டத்தில் நடந்ததை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முழுவதையும் அல்ல. முன்னும் பின்னும் வெட்டி, "சீனாவுக்கு வக்காலத்து வாங்கும் செட்டிநாட்டுப் பெரியவர்" என்று தலைப்புப் போட்டு ஓடவிட்ட அரை நிமிடத் துண்டை. அந்தப் பெரியவர் நான்தான்.

மேடையில் இருந்தவர் என்ன சொன்னார்? "2024-25இல் சீனாவிடம் மட்டும் நமக்கு 9,900 கோடி டாலர் நட்டம்." மண்டபம் அதிரக் கைதட்டல். நான் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, அந்தப் பணத்துக்கு வந்த சரக்கு எங்கே போனது?" பதில் வரவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தை மட்டும் வீடியோவில் காணோம்.

சரி, இங்கே யாரும் பிடுங்க முடியாது. பேசுகிறேன்.

அந்த ஆண்டு சீனாவிலிருந்து நாம் வாங்கியது சுமார் 11,350 கோடி டாலர். விற்றது சுமார் 1,430 கோடி. வித்தியாசம்தான் அவர் சொன்ன எண், அதாவது வர்த்தகப் பற்றாக்குறை. எண் சரி. நட்டம் என்பது தவறு. கொடுத்த காசுக்கு ஒன்றும் வராமல் போயிருந்தால் நட்டம். வந்திருக்கிறதே! கைபேசிப் பாகங்கள், சூரிய மின்கலங்கள், மருந்துக்கான மூலப்பொருள்கள், ஆலை இயந்திரங்கள். பாகங்களைக் கோத்து ஸ்ரீபெரும்புதூரில் செய்த கைபேசி அமெரிக்காவுக்குப் போகும்போது, அதன் முழு விலையும் நம் ஏற்றுமதியாகப் பதிவாகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவுடன் நமக்குச் சுமார் 4,100 கோடி டாலர் உபரி, அதாவது வாங்கியதைவிட விற்றது அவ்வளவு அதிகம். ஒரே கைபேசி, ஒரு பட்டியலில் சீனப் பற்றாக்குறை, இன்னொரு பட்டியலில் அமெரிக்க உபரி. முதல் பட்டியலை மட்டும் மேடையில் வாசித்தால் ஊர் கொதிக்கத்தான் செய்யும்.

தூத்துக்குடியில், சரக்குக்கான சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். இந்த எண்கள் எங்கே பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். எட்டு இலக்கச் சரக்குக் குறியீடு, நிகர எடை, நாடு, மதிப்பு என்று எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லிலும் இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியிலும் நிரப்பிய கட்டங்களிலிருந்து பிறக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து சாக்குச் சாக்காகப் பச்சை முந்திரிக்கொட்டை வந்து இறங்கும், அது இறக்குமதி. வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, பருப்பாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள், அது ஏற்றுமதி. உடைக்கும் பெண்களின் கை முந்திரிக்கொட்டை ஓட்டின் பாலில் வெந்து கறுத்திருக்கும். கொட்டை வரவில்லை என்றால் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. இறக்குமதி என்ற சொல்லுக்கே பல்லைக் கடிப்பவர்கள் அந்தக் கைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். ஏற்றுமதி மதிப்பில் சேராது. அந்த அளவுக்கு இடைவெளி பெரிதாகத்தான் தெரியும். நெதர்லாந்து நம் முன்னணி ஏற்றுமதிச் சந்தைகளில் ஒன்று. அந்தச் சின்ன நாடா நாம் அனுப்பும் அவ்வளவு பெட்ரோலியப் பொருளையும் எரிக்கிறது? ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஐரோப்பா முழுக்கப் போகிறது. நாடுவாரிப் பட்டியலை அப்படியே நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

"அப்படியானால் சீனாவை நம்பியே இருக்கலாமா?" என்று அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இருக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்களால் செய்த காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் நம் வாகன ஆலைகள் திண்டாடின. ஆனால் அந்தக் காந்தங்களின் விலை மொத்த இறக்குமதியில் ஒரு துளி. ஆபத்து பற்றாக்குறையின் அளவில் இல்லை. வேறு யாரிடமும் வாங்க வழியில்லாத பொருளில் இருக்கிறது. இதைத்தான் சொல்ல வந்தேன். விடவில்லை.

"அரசாங்க எண்ணுக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள்?" என்றொருவர். நான் பரிந்து பேசவில்லை. 2024 நவம்பரில் தங்க இறக்குமதி 1,480 கோடி டாலர் என்று முதலில் வெளியிட்டார்கள். வர்த்தகப் பற்றாக்குறை இதுவரை இல்லாத உச்சம் என்று நாடே அலறியது. பிறகு 984 கோடி என்று திருத்தினார்கள். கணக்கெடுக்கும் முறை மாறியதில் ஒரே தங்கம் இருமுறை பதிவானதாகச் செய்தி வந்தது. அலறியவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் பகிர்ந்தார்கள்? முதலில் வரும் எண் தற்காலிக எண். மாதாமாதம் வருவதை வைத்து உடனே தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

என்னை "படித்த திமிர்" என்று எழுதியவருக்குப் பதில் இல்லை.

என் அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துபவருக்கு உதவியாளாக இருந்தவர். ஒரு பேரேட்டை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு லாப நட்டம் பேசுகிறவனைக் கடையில் வைத்துக்கொள்ளமாட்டார்களாம். எல்லா ஏட்டையும் முடித்து, வரவு, பற்று, கடன், இருப்பு எல்லாம் சேர்ந்த ஐந்தொகை எடுத்த பிறகுதான் பேச்சே. அந்தக் கணக்கு பழகிய ஊரில், சரக்கு ஏட்டை மட்டும் காட்டி நாடு திவால் என்கிறார்கள்!

மற்ற ஏடுகளையும் பிரியுங்கள். 2024-25இல் மொத்தச் சரக்குப் பற்றாக்குறை சுமார் 28,300 கோடி டாலர். மென்பொருள் முதலிய சேவைகளில் நமக்கு உபரி சுமார் 18,800 கோடி. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் சுமார் 13,500 கோடி. வெளியே போகிற வட்டி, ஈவுத்தொகையையும் கழித்து, இவை எல்லாம் சேர்ந்த நாட்டின் நடப்புக் கணக்கு எடுத்தால், பற்றாக்குறை சுமார் 2,300 கோடி டாலர்தான். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.6 சதவீதம். இந்த எண்ணை மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நம் ஊர் வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. கடல் கடந்து வந்தவை, கடல் கடந்து சம்பாதித்த பணத்தில். பர்மா 1937 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் ரங்கூனிலிருந்து வந்த தேக்கு உள்நாட்டுக் கடலோர வாணிகம்; அந்தத் தேதிக்குப் பின் வந்தது அயல்நாட்டு இறக்குமதி. அதே மரம், அதே கடல். கோடு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கினால், நம் தாத்தாக்கள் ஒரே நாளில் தேசத்தை ஏமாற்றத் தொடங்கினார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

திரைகடல் ஓடித் திரவியம் தேடியவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் என்னைத் தேசத்துரோகி என்றார்கள். மறுநாள் காலையில் அந்தத் துண்டு வீடியோவை எனக்கு அனுப்பியவன், சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் என் அண்ணன் மகன். "சித்தப்பா, இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்த வம்பு?" என்று கேட்டிருந்தான். அவன் மாதாமாதம் அனுப்பும் பணமும் அந்த 13,500 கோடிக்குள் இருக்கிறது. மேடைக்காரர் போட்ட கணக்கில் அவன் உழைப்பு ஒரு காசுக்கும் வரவில்லை. அந்தக் கணக்குக்கு முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் அவனைப் பெற்ற என் அண்ணியும் ஒருவர். துரோகி என்றதையாவது மறந்துவிடுவேன். இதை என்னால் மறக்க முடியவில்லை.